கருவும் கொல்லாமையும்

மதுரை காளவாசலில் கால்நடைத் தீவனக் கடை நடத்திவரும் நம் சமூகத்து இளைஞர் ஒருவர், சில திங்களுக்கு முன் நம்மிடம் ஓர் ஐயத்தைக் கொணர்ந்தார். உசிலம்பட்டிப் பக்கம் வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் அவரிடம் தவிடும் புண்ணாக்கும் வாங்குபவர். மருந்து உரிமம் எடுத்து, பன்றிகளைச் சினைப்பருவத்துக்குக் கொண்டுவரும் ஹார்மோன் ஊசியையும் செயற்கைக் கருவூட்டல் குழாய்களையும் கடையில் வைத்தால் வியாபாரம் பெருகும் என்று அவர் கூறினாராம். "இதில் கொலை இல்லையே, ஐயா. உயிர் பிறப்பதற்குத்தானே உதவுகிறேன்? விரதத்துக்கு இதனால் பழுது உண்டா?" என்பது இளைஞரின் வினா.

'கொலை இல்லை' என்றவுடனே நம்மில் பலர் அமைதியடைந்துவிடுகிறோம். புலால் மறுத்த நமக்குப் பன்றிப் பண்ணையைப் பற்றி என்ன பேச்சு என்று இதழை மடித்து வைப்போரும் இருப்பர். பதின்மூன்றாம் தீர்த்தங்கரராகிய விமலநாதரின் இலாஞ்சனம் பன்றி என்பதை அவர்களுக்கு நினைவூட்டி மேலே செல்கிறோம்.

முதலில், அந்த ஊசி எதற்கு என்று அறிய வேண்டும். பெண் பன்றிக்கு 21 நாட்களுக்கு ஒருமுறை சினைப்பருவம் வரும். இரண்டு மூன்று நாட்கள் நிற்கும். கருவுற்றால் ஏறத்தாழ 114 நாட்களில் ஈனும். குட்டிகள் பால் குடிக்கும் வரை அடுத்த பருவம் பெரும்பாலும் வாராது. தாய்க்கு இயற்கை அளித்த ஓய்வு அது. பண்ணையின் கணக்கோ வேறு. குட்டிகளை மூன்று நான்கு வாரத்திலேயே பிரித்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் தாய் மீண்டும் பருவத்துக்கு வரும். ஆண்டுக்கு இரண்டு ஈற்றுக்கு மேலும் எடுக்கலாம். அப்படியும் பருவத்துக்கு வாராத பன்றிக்கும், பல பன்றிகளை ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவரவுமே ஊசி. ஈற்றுகள் சில கடந்து குட்டிகளின் எண்ணிக்கை குறைந்தால், தாயும் அறுப்புக்குப் போகும்.

அவ்வூசியில் உள்ள பொருள்களில் ஒன்று, சினையுற்ற குதிரைகளின் குருதியிலிருந்து எடுக்கப்படுவது. அர்ஜென்டினா, உருகுவே, ஐஸ்லாந்து முதலிய நாடுகளில் இதற்கெனவே குதிரைகளைச் சினையாக்கிக் குருதி எடுக்கின்றனர். ஒரு தாயின் கருவைக் கொண்டு மற்றொரு தாயின் கருவைத் துரிதப்படுத்தும் இந்த ஏற்பாட்டை இளைஞர் அறிந்திருக்கவில்லை. நாமும் அவர் கேட்ட பின்னரே படித்தறிந்தோம்.

பண்ணையையும் ஒருநாள் சென்று கண்டோம். காளவாசலிலிருந்து தேனிச் சாலையில் மேற்கே செல்கையில் தென்புறம் சமணமலை தெரிகிறது. கீழக்குயில்குடியில் வண்டியை நிறுத்தி, செட்டிப்புடவில் உள்ள திருவுருவை வணங்கிவிட்டே சென்றோம்.

பண்ணைக்காரர் மறைக்காமல் காட்டினார், நல்ல மனிதர். ஈனும் நாள் நெருங்கிய தாய்ப்பன்றி ஒன்று இரும்புச் சட்டத்துள் நின்றது. படுக்கலாம், எழலாம், திரும்ப இயலாது. புரளும்போது குட்டிகள் நசுங்காதிருக்கவே சட்டம் என்றார். அதுவும் மெய்யே. ஆனால் அப்பன்றி முன்காலால் சிமெண்டுத் தரையைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. ஈனுவதற்கு ஒரு நாள் முன்பு தனியிடம் தேடிப் பள்ளம் பறித்து, புல்லும் சுள்ளியும் சேர்த்துப் படுக்கை அமைப்பது பன்றியின் இயல்பு. புல் இல்லை, மண் இல்லை, திரும்ப இடமில்லை. ஆயினும் கால் அவ்வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பிறக்கும் குட்டிகளுக்கு மூன்றாம் நாளளவில் இரும்புச்சத்து ஊசி போடுகின்றனர். மண்ணிலே பிறந்து மண்ணைக் கிளறினால் கிடைத்திருக்கக்கூடியதைச் சிமெண்டுத் தரை தடுத்துவிட்டது.

நம் ஆசாரியர்கள் இதனைக் கொலை இல்லை என்று கடந்து சென்றார்களா? இல்லை. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: உறுப்பை அறுத்தல், கட்டிவைத்தல், வருத்துதல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவைத் தடுத்தல். ஐந்தும் உயிரோடு இருக்கும் பிராணிக்கு இழைப்பவை. ஆண்குட்டிக்குக் காயடிப்பது முதலாவது. இரும்புச் சட்டம் இரண்டாவது. ஆண்டுக்கு இரண்டுக்கு மேற்பட்ட ஈற்று மிகைப்பாரம் அன்றி வேறென்ன? முதுகில் ஏற்றினால்தான் பாரமா? பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில் விலக்கிய பதினைந்து தொழில்களுள், விலங்கின் உறுப்பைச் சிதைத்தலும் காயடித்தலும் அடங்கிய நிர்லாஞ்சன கருமமும் ஒன்று. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ, விதித்த முறைப்படி காயடிப்பதைக் குற்றமாகக் கொள்வதில்லை. சட்டம் விட்ட இடத்தை விரதம் பிடித்துக்கொள்கிறது.

"பண்ணை இல்லாவிடில் இவ்வுயிர்கள் பிறந்தே இரா, பிறப்பைக் கொடுத்தோமே" என்று பண்ணைக்காரர் வாதித்தார். மேனாட்டார் பலரும் கூறும் வாதம் இது. நம் சித்தாந்தத்தில் இதற்கு இடமில்லை. உயிர் அநாதி, எவரும் அதனைப் படைக்கவில்லை. தன் வினைக்கேற்ற உடலை அது எடுக்கிறது. பண்ணைக்காரர் கொடுத்தது பிறப்பன்று, சட்டம் மட்டுமே.

'அப்படியானால் பன்றியாய்ப் பிறந்ததும் அதன் வினைதானே, நமக்கென்ன பழி?' என்று இளைஞர் மடக்கினார். கூர்மையான கேள்வி. உமாசுவாமி இம்சையை வரையறுக்கையில் பாதிக்கப்பட்ட உயிரின் வினையைக் கேட்கவில்லை. செய்பவனின் பிரமாதத்தையே, அதாவது ஆசையாலும் அசட்டையாலும் பிறந்த முயற்சியையே கேட்கிறார். பிறிதோர் உயிரின் பழவினை நமக்கு உரிமச்சீட்டு ஆகாது. உடல்வலிமையும் பத்துப் பிராணன்களில் ஒன்று. அதனை முடக்குவதும் பிராணனுக்கு ஊறு செய்தலே.

அதே இரத்தினகரண்டகத்தில் தானத்துக்கு எடுத்துக்காட்டாக ஒரு பன்றியும் வருகிறது. பிரபாசந்திரரின் உரை அக்கதையை விரிக்கிறது. குகையில் தங்கிய முனிவர் இருவரைத் தின்ன வந்த புலியை, முற்பிறவி உணர்ந்த காட்டுப்பன்றி ஒன்று வாயிலில் நின்று தடுத்துப் போரிட்டு, தானும் மடிந்து தேவலோகம் எய்தியது. முற்பிறவியில் அது ஒரு குயவன். முனிவருக்குத் தங்க இடம் கொடுத்தவன். உறைவிடம் அளித்தலுக்கு நம் நூல் காட்டும் சான்று பன்றி. நாம் அதற்கு அளிக்கும் உறைவிடம் இரண்டடி அகலச் சட்டம்.

பிறநாட்டார் இதனை உணராமல் இல்லை. சினைப்பன்றியைச் சட்டத்துள் அடைப்பதைப் பிரிட்டன் 1999-இல் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல், சினையின் முதல் நான்கு வாரத்துக்குப் பின் பெரும்பகுதியும் கூட்டமாக விடவேண்டும் என்றது. ஆனால் ஈனும் காலச் சட்டம் அங்கும் பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது.

இளைஞருக்கு நாம் கூறியது இது: நோய் தீர்க்கும் மருந்தையும் இரும்புச்சத்தையும் விற்கலாம், வைக்கோல் கொடுக்கச் சொல்லலாம், பருவ ஊசியை விற்கலாகாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில் அது இரண்டாவதைச் சாரும். அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் எழுந்து போகுமுன் மற்றொன்று கேட்டார்: "பசுவுக்கும் அதே சினை ஊசிதான், ஐயா. பருவத்துக்கு வராத மாட்டுக்கும் ஹார்மோன் உண்டு. ஆண்டுக்கு ஒரு கன்று என்று அங்கும் கணக்குத்தான். காளைக்கன்று எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. கோயிலுக்குப் பாலபிஷேகத்துக்கு என் கடைக்கு எதிரில்தான் பால் வாங்குகிறார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

அப்போது நம் கையில் காப்பி இருந்தது. அன்று அவருக்கு நாம் விடை கூறவில்லை. அடுத்த அட்டமியன்று வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.