நடுவில் ஒரு கோடு

காலை முழுக்க ஒரு துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதி அலுமினியம், பாதி மெக்னீசியம், வெல்டிங்கில் சேர்ந்தவை. எமரி தாளில் தொடங்கி வைரப் பசையில் முடிக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் தண்ணீர் கூடாது. அலுமினியம் பொறுத்துக்கொள்ளும், மெக்னீசியம் பக்கம் சாம்பல் பூத்துவிடும். ஆல்கஹால்தான். அவசரப்பட்டால் மறுபடி முதல் தாளிலிருந்து.

*

அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில், மெக்னீசியம் 650-இல். இத்தனை நெருக்கம். ஆனால் இரண்டும் கலந்த இடம் 450-க்குள்ளேயே இளகத் தொடங்கிவிடுகிறது.

உருக்காமலே சேர்க்கும் வழி 1991-இல் இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்தில் வந்தது. சுழலும் முளை ஒன்று தகடுகளின் விளிம்பில் இறங்கி, களி கிண்டுகிற மாதிரி கிண்டிக்கொண்டே நகரும். உராய்வுச் சூடே போதும். இந்த ஜோடிக்கு அந்தச் சூடும் சில இடங்களில் மிஞ்சிப்போகிறது.

*

நுண்ணோக்கியில் முதலில் தெரிவது சுழிகள். சாய வாளியில் குச்சியை ஒரு சுற்று சுற்றி நிறுத்தியது போல, வெளுப்பும் கறுப்புமாய்ப் பட்டைகள். அவற்றின் எல்லையில் சில மைக்ரான் கனத்தில் ஒரு கோடு. அது அலுமினியமும் அல்ல, மெக்னீசியமும் அல்ல.

உற்றுப் பார்த்தால் கோடு இரண்டாகப் பிரியும். அலுமினியத்தை ஒட்டியது மூன்று அலுமினிய அணுவுக்கு இரண்டு மெக்னீசியம் என்ற கணக்கில் சேர்ந்த சேர்மம். மெக்னீசியத்தை ஒட்டியது பன்னிரண்டுக்குப் பதினேழு. அலுமினியப் படிகத்தின் ஓர் அலகில் நான்கே அணுக்கள். அந்த மூன்றுக்கு இரண்டில், ஓர் அலகுக்குள் ஆயிரத்துக்கும் மேல். இவ்வளவு நெரிசலான அடுக்கு வழுக்கி வளைந்து கொடுக்காது. கடினமாக நிற்கும், பிறகு விரிசல் விடும்.

இத்தனைக்கும் நான் தேய்த்த மெக்னீசியம் ஏஇசட்31 கலவை, அதில் ஏற்கெனவே சுமார் 3 சதவீதம் அலுமினியம் உண்டு. 6061 அலுமினியக் கலவையிலும் ஏறக்குறைய 1 சதவீதம் மெக்னீசியம். கொஞ்சமாக இருந்தபோது இரண்டுமே உறுதிதான் தந்தன.

*

இழுத்துப் பார்த்ததில் உடைந்தது அந்தக் கோட்டிலேதான். சூட்டைக் குறைத்தால் கோடு மெலியும். அளவுக்கு மீறிக் குறைத்தால் உலோகம் சரியாகக் கிண்டுப்படாமல் உள்ளே பொந்து விழும். சூட்டைக் குறைக்க, தகடுகளைத் தண்ணீருக்கடியில் வைத்தே இந்த வெல்டிங்கைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கோடு மெலிந்தது. மறையவில்லை.