அடுப்படியின் அமானிதம்

 

திருமறையின் 2:168-ஆவது வசனத்தில் மனித குலம் முழுவதையும் விளித்து உணவைப் பற்றிப் பேசும் அல்லாஹ், ஹலாலானதை உண்ணுமாறு கூறியதோடு நிறுத்திக் கொள்ளவில்லை. ‘தய்யிப்’ என்ற சொல்லையும் சேர்த்தே அருளியிருக்கிறான். தூய்மையானது, நல்லது, தீங்கற்றது என்றெல்லாம் அச்சொல்லுக்குப் பொருள் விரியும். இவ்விரண்டில் முதலாவதை நம்மவர்கள் ஓரளவு பேணித்தான் வருகிறார்கள். மிட்டாய் வாங்கினால் அதில் ஜெலட்டின் இருக்கிறதா, கறி வாங்கினால் யார் அறுத்தது என்று விசாரிக்கிறோம். அல்ஹம்து லில்லாஹ். ஆனால் இரண்டாவது சொல்லை என்ன செய்தோம்? மைதாவும் சீனியும் எண்ணெயும் உப்புமாக நாலு வயதுப் பிள்ளையின் வயிற்றில் இறங்குகிறதே, அதை விசாரித்தோமா?

விசாரித்திருக்கிறோம்! பிள்ளையைப் பெற்றவளை மட்டும் கூண்டில் ஏற்றி விசாரித்திருக்கிறோம்.

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்கள் நிறையப் பேர். அவர்களில் ஒரு சகோதரி நமக்கு எழுதியிருந்தார். காலை ஏழு மணிக்கு வேன் வந்துவிடுமாம். அதற்குள் சோறாக்கி, ஆணம் காய்ச்சி, இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கணவருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். முடியாத நாளில் பிள்ளைகள் கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஓடுகிறார். “பிள்ளைகளுக்கு நோய் வந்தால் அந்தப் பாவம் உன் தலையில்தான்” என்று மாமியார் சொல்கிறாராம். “ஹஜ்ரத், அல்லாஹ்விடத்தில் என்னை மட்டும்தான் பிடிப்பார்களா?” என்று கேட்டிருந்தார்.

பெண் வேலைக்குப் போகலாமா கூடாதா என்ற விவாதத்தை நாம் இங்கே எடுக்கவில்லை. அவர் போய்க் கொண்டிருக்கிறார். அவர் கொண்டு வரும் சம்பளத்தில் வீட்டு வாடகை போகிறது. ஷரீஅத்தின்படி அவருடைய சம்பாத்தியம் அவருக்கே சொந்தம். குடும்பத்தைப் போஷிப்பது கணவரின் கடமை. ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஜைனப் (ரலி) அவர்கள் தம் பொருளைக் கணவருக்கும் தம் பராமரிப்பில் இருந்த யத்தீம்களுக்கும் செலவிடலாமா என்று கேட்டபோது, உறவைப் பேணிய கூலி, தர்மம் செய்த கூலி என இரண்டு கூலிகள் உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறினார்கள். ஆக, நம் வீடுகளில் வாடகை கட்டும் பெண் கடமையைச் செய்யவில்லை. ஸதகா செய்து கொண்டிருக்கிறாள். ஸதகா கொடுப்பவளை வாசலில் நிறுத்தி ஏசலாமா?

இனி அடுப்பைப் பற்றிய மஸ்அலாவுக்கு வருவோம். ஷாஃபிஈ மத்ஹபின் மத்ரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ கிரந்தத்தில், மனைவியின் ஜீவனாம்சப் பாடத்தில் ஒரு செய்தி உண்டு. மனைவிக்குத் தானியம் கொடுப்பதோடு கணவரின் பொறுப்பு முடிவதில்லை. அதைத் திரிப்பதும் ரொட்டியாகச் சுடுவதும் கூட அவர் பொறுப்பிலேயே சேரும் என்பதே ஏற்றமான சொல். ஹனஃபீ மத்ஹபிலோ, வீட்டு வேலை தீனின் பேணுதல் என்ற வகையில் மனைவி மீது கடமையானாலும், காழி அவளை அதற்காகக் கட்டாயப்படுத்த முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு எந்தச் சகோதரியும் கரண்டியைக் கீழே போட்டுவிட வேண்டும் என்பதற்காக நாம் எழுதவில்லை. குடும்பம் என்பது கோர்ட்டு அல்ல. ஆனால் ‘ஆக்கிப் போடுவது பெண்ணின் ஃபர்ளு, ஆண் அடுப்படிக்குள் நுழைவது ஹராம்’ என்பது போல நம் வீடுகளில் ஒரு சட்டம் நடமாடுகிறதே, அது எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்பதற்காகவே எழுதுகிறோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் வீட்டாரின் வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டு விடுவார்கள் என்று அன்னையார் சொன்னதை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தாடி வளர்ப்பதிலும் மிஸ்வாக் செய்வதிலும் சுன்னத்தைத் தேடும் நாம், பூண்டு உரிப்பதில் மட்டும் ஏன் தேடுவதில்லை?

இன்னொரு சுன்னத்தும் உண்டு. அண்ணலார் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டு விடுவார்கள். ஒரு நாள் தொட்டுக் கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்க, வினிகர் தவிர வேறில்லை என்றார்கள் வீட்டார். அதையே வாங்கி, நல்ல தொட்டுக்கறி இது என்று புகழ்ந்தபடியே உண்டார்கள். ஆலையிலிருந்து மாலையில் வந்தவள் பருப்பைக் கடைந்து ஒரு முட்டையைப் பொரித்து வைத்தால் நம்மவருக்கு முகம் மாறுகிறது. கறி இல்லையா, வறுவல் இல்லையா என்கிறார். அப்படிக் கேட்கும் வீட்டில்தான் அவள் நேரமெல்லாம் ஆண்களின் நாக்குக்குச் செலவாகி, பிள்ளையின் பங்குக்குப் பாக்கெட் மிஞ்சுகிறது. சில பெருமகனார்கள் மனைவிக்கு உதவுவதாக எண்ணி இரவில் பரோட்டாவும் சால்னாவும் கட்டி வந்துவிடுவார்கள். என்றாவது ஒரு நாள் என்றால் பரவாயில்லை. வாரத்தில் நாலு நாள் என்றால் அது உதவியில் சேராது.

கடையில் வாங்குவதே தவறென்று நாம் சொல்ல வரவில்லை. சூரத்துல் கஹ்ஃபில் குகைவாசிகள் விழித்தெழுந்ததும், வெள்ளிக்காசைக் கொடுத்துத் தம்மில் ஒருவரைப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். உணவுகளில் எது மிகத் தூய்மையானது என்று பார்த்து வாங்கி வரச் சொன்னார்கள் (18:19). வாங்கப் போனவர் ஆண். பார்த்து வாங்கும் பொறுப்பும் அவருடையது. நம் நாட்டில் பாக்கெட்டின் பின்புறம் உள்ளடங்கிய பொருட்களை எடை வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதலில் எழுதியிருப்பதே அதிகம் சேர்ந்திருப்பது. பிள்ளைக்கென்று வாங்கும் பொருளில் முதல் இரண்டு மூன்று இடங்களில் மைதா, சீனி, பாமாயில் என்று இருந்தால் அதைத் திரும்ப வைத்துவிட வாப்பாவுக்குத் தெரிய வேண்டும். அந்தக் காசுக்கு வறுத்த வேர்க்கடலையும் இரண்டு வாழைப்பழமும் கிடைக்குமே! அவற்றுக்கு அடுப்பும் வேண்டாம், உம்மாவின் நேரமும் வேண்டாம். இரவு ஊறப் போட்ட பாசிப்பயற்றை மறுநாள் துணியில் கட்டி வைத்தால் முளை விடுகிறது. அதைப் பன்னிரண்டு வயதுப் பையனே செய்யலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஒரு நாள் மாவாக்கி வைத்தால் பல நாள் கஞ்சிக்கு ஆகும். விருந்தாளி வரும் நாளுக்குப் பிரியாணி இருக்கட்டும். அன்றாடத்துக்கு ஒரு சோறு, ஒரு பருப்பு, ஒரு கீரை போதும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று பங்கிட்டுக் கொடுத்த நபியின் உம்மத்து நாம்.

தாயின் தட்டில் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்ததுண்டா? எல்லோரும் உண்டு எழுந்த பிறகு சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதே அவள் பங்கு. அவசரத்தில் அதுவும் இன்றி ஒரு தேத்தண்ணியோடு வேனில் ஏறுகிறவளும் உண்டு. 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்த சோகை உள்ளவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 57. உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறைகிறது. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற புளிப்புகள் அதைச் சேரச் செய்கின்றன. முருங்கைக் கீரையும் ஒரு துண்டு ஈரலும் முதலில் அவள் தட்டில் விழட்டும். நீ உண்ணும்போது அவளுக்கும் உண்ணக் கொடு என்பது கணவனுக்கு இட்ட நபிமொழிக் கட்டளை. மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும் கூலி உண்டென்று ஹழ்ரத் ஸஅது (ரலி) அவர்களிடம் அருளினார்கள். நம் ஊர்களில் ஊட்டுவதற்கு வெட்கப்படுவார்கள். எடுத்து வைக்கவாவது வெட்கப்படாதிருக்கட்டும்.

மேலப்பாளையம் போன்ற ஊர்களில் பல்லாண்டுகளாக வீட்டிலிருந்தே பீடி சுற்றும் சகோதரிகளின் நிலை இன்னும் கடினம். “வீட்டில்தானே இருக்கிறாள்” என்று வேலைக்கும் கணக்கில்லை, ஓய்வுக்கும் கணக்கில்லை. அவர்களுக்கு ஒரு வார்த்தை: தட்டை மடியில் வைத்திருக்கும்போது கைக்குழந்தையை அருகில் கிடத்த வேண்டாம். புகையிலைத் தூள் படிந்த கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் சோறு பிசைந்து ஊட்ட வேண்டாம். குழந்தையை எடுத்து வைத்துக்கொள்ள ஆள் இல்லையே என்பார்கள். வீட்டில் மாமனார், கொழுந்தன் எல்லோரும் இருக்கிறார்களே!

பால் குடிப் பருவத்தைப் பற்றித் திருமறை 2:233-இல் கூறுவதை நிதானமாக ஓத வேண்டும். தாய் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைக் கூறிய அதே மூச்சில், அவளுக்கு உணவும் உடையும் கொடுப்பது தந்தை மீது கடமை என்றும், பிள்ளையைக் காரணம் காட்டித் தாயை வருத்தக் கூடாது என்றும், பால் மறக்கடிப்பதாயின் இருவரும் கலந்து பேசி மனமொப்பியே செய்ய வேண்டும் என்றும் வருகிறது. ஈன்றவுடன் சுரக்கும் சீம்பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதைத் தாய் மீது கடமை என்றே ‘மின்ஹாஜ்’ எழுதுகிறது. அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் என்று இன்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. 1961-இல் வந்த மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு என்றானது. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும் அத்திருத்தத்தில் வந்ததே. ஆலை நடத்தும் நம் சமுதாயச் செல்வந்தர்கள் ஜகாத்தைக் கணக்கிடுவது போலவே இதையும் கணக்கிட வேண்டும். சட்டம் கண்ணுக்குத் தெரியாத வீட்டு வேலைக்காரிக்கு அந்த ஆறு மாதத்தை அவள் வீட்டார்தான் ஏற்பாடு செய்து தர முடியும்.

சில உபன்னியாசகர்கள் பெண்களின் களைப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், திருகை சுற்றிக் கை காய்த்துப் போன அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தஸ்பீஹ் கற்றுக் கொடுத்த சம்பவத்தைச் சொல்லி, ‘ஓதிக் கொண்டு பொறுத்திரு’ என்று முடித்து விடுகிறார்கள். அந்த 33, 33, 34 தஸ்பீஹ் ஹழ்ரத் அலி (ரலி) அவர்களையும் சேர்த்து இருவருக்குமே கற்றுக் கொடுக்கப்பட்டது. பாதியை மட்டும் சொல்வது நியாயமாகாது.

அவர்கள் அதிகம் சொல்லாத இன்னொரு சம்பவம் ஸஹீஹுல் புகாரீயில் இருக்கிறது. ஹழ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் தாமே கூறுகிறார்கள். கணவர் ஜுபைர் (ரலி) அவர்களுக்குத் தண்ணீர் இறைக்கும் ஒட்டகமும் ஒரு குதிரையும் தவிர வேறு சொத்தில்லை. அஸ்மாதான் குதிரைக்குத் தீனி போடுவார், தண்ணீர் இறைப்பார், தோல் வாளியைத் தைப்பார், மாவு பிசைவார். ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில் இருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலைச்சுமையாகச் சுமந்து வருவார். ஆனால் ரொட்டி சுட மட்டும் அவருக்குச் சரியாக வராது. சித்தீக்குடைய மகள், ஜன்னத்தைக் கொண்டு நன்மாராயம் பெற்றவரின் மனைவி, ரொட்டி சுடத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்கிறார்! யாரும் அவரை ஏசவில்லை. அண்டை வீட்டு அன்சாரிப் பெண்கள் சுட்டுக் கொடுத்து வந்தார்கள். அவர்கள் உண்மையான பெண்கள் என்று அஸ்மா (ரலி) அவர்கள் நன்றியோடு நினைவு கூர்கிறார்கள். பின்னர் தகப்பனார் குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒரு பணியாளை அனுப்பியபோது, தம்மை உரிமை விட்டது போல் இருந்தது என்றார்கள்.

ஆம்பூர்ச் சகோதரிக்கு நாம் எழுதிய பதில் இதுவே: “பிள்ளைகளின் உணவு என்ற அமானிதம் உங்கள் கையில் மட்டும் ஒப்படைக்கப்பட்டதல்ல. உங்கள் கணவரிடமும், வீட்டில் இருக்கும் உங்கள் மாமியாரிடமும் கேட்கப்படும். முடிந்ததைச் செய்யுங்கள், முடியாததற்கு அழாதீர்கள். இந்த மடலை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.” பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிப்பதால் இன்னொன்றும் எழுதினோம். 15-9-2022 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கொடுக்கிறார்கள். இறைச்சி இல்லாத உணவு, ஹலால் குறித்த தயக்கத்துக்கு இடமில்லை. அதை வாங்கி உண்பதை கௌரவக் குறைவென்று சிலர் தடுக்கிறார்களாம். பசியோடு பாடம் படிப்பதில் என்ன கௌரவம்?

அன்சாரிப் பெண்களின் வேலையை நம் ஜமாஅத்துகள் செய்ய முடியாதா? முடியும், ரமளானில் செய்து கொண்டுதானே இருக்கிறோம்! அஸருக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு பள்ளிவாசலில் வரிசையில் நிற்கிறார்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப் பால், கொஞ்சம் கறி சேர்ந்த நோன்புக் கஞ்சி மஹல்லா முழுவதற்கும் போகிறது. காய்ச்சுகிறவர்கள் ஆண்கள். ஆண்களுக்கு அடுப்பு தெரியாது என்பதற்கு இதைவிட என்ன மறுப்பு வேண்டும்? ஷவ்வால் பிறை கண்டதும் தேக்சாக்களைக் கழுவிக் கவிழ்த்து விடுகிறோம். பதினொரு மாதம் கவிழ்ந்தே கிடக்கின்றன. பெண்கள் அதிகமாக வேலைக்குச் செல்லும் மஹல்லாக்களில் வாரத்தில் இரண்டு நாள் ஃபஜ்ருக்குப் பின் கஞ்சியோ சுண்டலோ காய்ச்சி, இயன்றவர்களிடம் காசு வாங்கிக் கொண்டும் இயலாதவர்களுக்கு இலவசமாகவும் கொடுக்க முத்தவல்லிமார்கள் ஆலோசிக்கலாம். எந்த மஹல்லாவிலேனும் இதைத் தொடங்கினால், எத்தனை படி அரிசி ஆனது, எத்தனை வீடுகளுக்குப் போனது, செலவு எவ்வளவு என்ற விவரத்தோடு நமக்கு எழுதுங்கள். மற்ற ஊரார் அறிய இப்பக்கத்திலேயே வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.