காத்திருப்பின் கூலி

ஒருவன் இன்னொருவனின் பணத்தைப் பறித்தால் அதற்குக் களவு என்று பெயர் இருக்கிறது. அவனுடைய இரண்டு வருடத்தைப் பறித்தால் அதற்கு என்ன பெயர்? தாமதம் என்பது ஒரு செயலா, அல்லது செயல் நடக்காதிருப்பது மட்டுந்தானா? செயல் என்றால் செய்தவன் ஒருவன் இருக்கவேண்டும். செயலில்லை என்றால் யாரையும் நாம் கேட்க முடியாது. மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. (செம்பனை என்று அவர்கள் சொல்வதைத்தான் நம் நாட்டில் முள்ளுத்தேங்காய் என்கிறோம்.)

கொவிட் காலத்தில், 2020 ஜூன் மாதம், வெளிநாட்டுத் தொழிலாளரைப் புதிதாக எடுப்பதை மலேசிய அரசு நிறுத்திவைத்தது. பிறகு தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஆளில்லாமற் போயிற்று. 2021 செப்டெம்பரில் தோட்டங்களுக்கு மட்டும் 32,000 பேரை விசேட அனுமதியில் எடுக்க அரசு இணங்கியது. அந்த டிசம்பரில் பங்களாதேஷுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆனால் முதலாவது தொகுதி வந்திறங்கியதோ 2022 ஆகஸ்டில். இடைப்பட்ட மாதங்களின் பெரும்பகுதி, எந்த முகவர் நிலையங்கள் ஆள் அனுப்புவது என்ற இழுபறியிலேயே போயிற்று. 25 நிலையங்கள் போதும் என்றது ஒரு தரப்பு. எல்லோருக்கும் திறந்துவிடு என்றது மறுதரப்பு. அந்த வருட நடுப்பகுதியில் எல்லாத் துறைகளிலுமாகப் பன்னிரண்டு இலட்சம் பேர் குறைவு என்று மதிப்பிட்டார்கள். செம்பனையில் மட்டும் 120,000.

செம்பனைக் குலைக்குப் பொறுமை கிடையாது. பழுத்தால் வெட்டவேண்டும், வெட்டினால் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகவேண்டும். தவறினால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். ஆகவே மரத்தில் அழுகிய பழத்துக்குக் கணக்கு இருந்தது. தோட்ட முதலாளிமாரின் சங்கங்கள் நட்டத்தைக் கூட்டிச் சொல்லின, பத்திரிகைகள் எழுதின, அமைச்சர்கள் பதில் சொன்னார்கள். அதில் பிழையில்லை; நட்டம் நட்டந்தான். ஆனால் அதே மாதங்களில் பங்களாதேஷின் ஏதோவொரு கிராமத்தில் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டுக் குந்தியிருந்தவனின் நட்டத்தை எந்தச் சங்கம் கூட்டியது?

பங்களாதேஷ் அரசு நிர்ணயித்த செலவு 78,990 டாக்கா. உண்மையில் வாங்கப்பட்டதோ பல இலட்சம். நிலத்தை ஈடு வைத்தோ, வட்டிக்கு எடுத்தோதான் பெரும்பாலானோர் அதைக் கட்டுகிறார்கள். வட்டி, விசா வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. காசு கைமாறிய நாளிலிருந்து ஓடுகிறது. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கவேண்டும் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வியர்வை சிந்தவே விடப்படாத ஒருவனுக்கு இந்த நெறியிலிருந்து என்ன கிடைக்கும் என்று யோசிக்கிறேன். அவன் இன்னும் உழைக்கவில்லை, ஆகவே அவனுக்கு யாரும் கடன்பட்டிருக்கவில்லை. அவன்தான் கடன்பட்டிருக்கிறான்.

காத்திருப்பதை நாம் சும்மா இருப்பது என்று நினைக்கிறோம். அது அப்படியல்ல. எங்கள் ஊரில் வளைகுடா விசாவுக்காகக் காத்திருந்த ஒரு காக்கா இரண்டு போகம் வேளாமை செய்யவில்லை. வயலை வேறொருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "விதைச்சுப்போட்டு விசா வந்தா என்ன தம்பி செய்யிற?" என்றார். அந்த நாட்கள் அவரிடம் இருந்தன, ஆனால் அவருடையவையாக இருக்கவில்லை. வேறு யாருடையவோ மேசையில் இருந்தன. விசா பிந்துவதன் முழுப் பொருளும் எனக்கு அன்றுதான் விளங்கியது.

அப்படியென்றால் வேகமாகச் செய்தால் நியாயம் வந்துவிடுமா? மலேசியா அதையும் செய்து பார்த்தது. 2023 ஜனவரியில் ஒரு தளர்வுத் திட்டம் வந்தது. இலங்கை உட்பட 15 நாடுகளிலிருந்து ஆள் எடுக்கலாம், அனுமதி மூன்று நாளில். மார்ச் மாதம் மீண்டும் நிறுத்துவதற்குள் கிட்டத்தட்ட பத்து இலட்சம் இடங்களுக்கு அனுமதி போய்விட்டது. வந்திறங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு வேலையே இருக்கவில்லை. காகிதத்தில் மட்டும் இருந்த முதலாளிகள். 2023 டிசம்பரில் ஜொகூரின் பெங்கெராங் பகுதியில், வேலை தரவில்லை என்று முறையிடப் பொலிஸ் நிலையத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்த 171 பங்களாதேஷியர் வழியிலேயே கைதானார்கள். ஊரில் காத்திருந்தவன் இப்போது அந்நிய நாட்டில் காத்திருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனவே தாமதத்தை மட்டும் குற்றஞ்சாட்ட என்னால் முடியாது. கோப்பைக் கவனமாகப் பார்க்கும் அதிகாரி சில வேளை ஒரு தொழிலாளியைக் காப்பாற்றுகிறான். போலி முதலாளியைக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். என் மனக்குறை வேறு. கோப்பு மேசையில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை மேசைக்குச் சொந்தக்காரன் கொடுப்பதில்லை. முகவரும் கொடுப்பதில்லை. முதலாளி பாதி கொடுக்கிறான், அழுகிய பழமாக. மீதி முழுவதும் எல்லோரையும்விட ஏழையானவன் தலையில் விழுகிறது. தாமதிப்பவனுக்குத் தாமதம் இலவசமாக இருக்கும்வரை அது குறையக் காரணமே இல்லை. இதைச் செயலின்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவனின் நாட்களை எடுத்து, இன்னொருவனின் வசதிக்குச் செலவழிக்கிறார்கள்.

தொழிலாளியிடம் முகவர் கட்டணம் அறவிடலாகாது என்று சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 181ஆம் சமவாயம் 1997இலேயே சொல்லிவிட்டது. அமெரிக்கச் சுங்கம் இறக்குமதியைத் தடுத்த பிறகு, மலேசியாவின் பெரும் செம்பனைக் கம்பனியான சைம் டார்பி பிளாண்டேஷன், தொழிலாளர் கட்டிய கட்டணங்களைத் திருப்பிக் கொடுக்க 2022இல் 82 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. நல்ல காரியந்தான், சந்தை கதவைச் சாத்திய பின்னர் என்றாலும். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வழி கண்டார்கள். காத்திருந்த மாதங்களை எந்த நிரலில் எழுதுவது?

புதிய தொழிலாளர் நுழைவதற்கு மலேசியா வைத்த கடைசி நாள் 2024 மே 31. அன்று டாக்கா விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் பெட்டியோடு நின்றார்கள். அனுமதி கிடைத்தும், ஆசனம் கிடைக்காமல், கிட்டத்தட்ட 17,000 பேர் போக முடியாமற் போனார்கள். ஒக்டோபர் 4ஆந் திகதி டாக்கா சென்ற மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராஹிம், முதற்கட்டமாக 18,000 பேரின் விடயத்தைக் கவனிப்பதாகச் சொன்னார். இடையில் 126 நாட்கள். வாக்குறுதிக்கு மட்டும் பிடித்த நாட்கள் அவை. வட்டிக்காரனின் கொப்பியில் அந்த 126 நாட்களும் தவறாமல் ஏறியிருக்கும்.