சொல்லாமல் சொன்ன படம்

அந்த விளம்பரம் அரை நிமிடம்தான் ஓடியது. 1988 செப்டம்பரில், அமெரிக்க அதிபர் தேர்தல் சூடுபிடித்திருந்த நேரத்தில், கேபிள் தொலைக்காட்சியில் வந்தது. வேட்பாளர் ஜார்ஜ் புஷ் கொலைகாரர்களுக்கு மரண தண்டனை வேண்டும் என்கிறார். அவரை எதிர்த்து நிற்கும் மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் வேண்டாம் என்கிறார். அதோடு நில்லாமல் கொலைக் குற்றவாளிகளை வார இறுதியில் வெளியே அனுப்பியும் வைத்தார் என்றது பின்னணிக் குரல். பிறகு திரையில் ஒரு முகம் வந்தது. காவல்துறை எடுத்த கருப்பு வெள்ளைப் படம்; பரட்டைத் தலை, தாடி, நேராக வெறிக்கும் கண்கள். நம்மூரில் பரோல் என்கிறோமே, அதுபோன்ற விடுப்பில் போய்த் திரும்பாத ஆயுள் கைதி அவர். 1987இல் மேரிலாந்தில் ஓர் ஆணைக் கத்தியால் குத்தி, உடனிருந்த பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தவர். விளம்பரம் அவரை வில்லி ஹார்ட்டன் என்றது. தன்னை யாரும் அப்படி அழைத்ததில்லை, தன் பெயர் வில்லியம் என்று அவர் பின்னாளில் சொன்னார். கறுப்பர் என்ற சொல் அந்த விளம்பரத்தில் ஓரிடத்திலும் இல்லை. தேவைப்படவும் இல்லை.

நவம்பரில் புஷ் 40 மாநிலங்களில் வென்றார். விளம்பரம்தான் அவரை வெல்ல வைத்தது என்பது மிகை. நாட்டில் பொருளாதாரம் நன்றாக இருந்தது. டுகாகிசின் பிரசாரம் தடுமாறியது. ஆனால் எத்தனை வாக்குகள் மாறின என்று எண்ணிப் பார்த்து ஒரு செயலின் நியாயத்தை முடிவு செய்ய முடியாது. ஒருவருடைய நிறத்தைக் காட்டி இன்னொருவருக்கு எதிராக வாக்குக் கேட்பது தகுமா? அப்படிக் கேட்கப்படும்போது ஊடகத்தின் கடமை என்ன? தன் மனம் எதைக் கண்டு அசைந்தது என்று தெரியாமலே வாக்களித்தவருக்கு அதில் பங்கு உண்டா? இந்த மூன்று கேள்விகளும் வெற்றி தோல்வியைத் தாண்டி நிற்பவை.

விளம்பரத்தின் பக்கம் வாதாடுவோரிடம் வலுவான பதில் ஒன்று உண்டு: இதில் பொய் எங்கே? அந்த மனிதர் குற்றம் செய்தார், விடுப்பில் போனார், திரும்பவில்லை. உண்மையைச் சொல்வது எப்படிக் குற்றமாகும்?

தமிழ் மரபு இந்தக் கேள்வியை முன்பே எதிர்கொண்டிருக்கிறது. உண்மை என்றும் வாய்மை என்றும் இரண்டு சொற்கள் நம்மிடம் இருப்பது வீணுக்கல்ல. வாய்மைக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவர், நடந்ததை நடந்தபடி சொல்வதோடு நிறுத்திக்கொள்ளவில்லை; பிறருக்குத் தீங்கு விளைவிக்காத சொல்லே வாய்மை என்றார். ஒரு செய்தி ஒவ்வொரு துண்டிலும் சரியாக இருந்து, மொத்தத்தில் ஏமாற்ற முடியும். விடுப்பில் சென்று ஒழுங்காகத் திரும்பிய கைதிகளும் இருந்தார்கள். பிற மாநிலங்களிலும் மத்திய அரசின் சிறைகளிலும் இத்தகைய விடுப்பு இருந்தது. மாசசூசெட்சில் இதைத் தொடங்கிவைத்ததே டுகாகிசுக்கு முன்பிருந்த, புஷ்ஷின் கட்சியைச் சேர்ந்த ஓர் ஆளுநர்தான். இவை எல்லாமும் உண்மைகளே. திரையில் இடம் கிடைத்தது ஒரே ஒரு முகத்துக்கு.

ஆனாலும் கொலைக் குற்றவாளிக்கு விடுப்புத் தரலாமா என்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்ட நாளிதழும் இருந்தது. மாசசூசெட்சில் உள்ள லாரன்ஸ் நகரத்தின் ஈகிள் டிரிபியூன் இந்த விடுப்புத் திட்டத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதியது. 1988இல் புலிட்சர் பரிசும் பெற்றது. மக்கள் கொதித்தார்கள், சட்டமன்றம் அசைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், முதல்நிலைக் கொலைக் குற்றவாளிகளுக்கு விடுப்பு கிடையாது என்ற சட்டத்தில் டுகாகிசே கையெழுத்திட்டார். விளம்பரம் வந்தது செப்டம்பரில். கொள்கையைப் பற்றிய வழக்கு முடிந்து ஐந்து மாதம் ஆன பிறகு அந்தப் படத்துக்கு என்ன வேலை மிச்சமிருந்தது? இங்கே ஓர் எளிய உரைகல் கிடைக்கிறது. படத்தை எடுத்துவிட்டு வாதத்தை மட்டும் படித்துப் பார்க்கலாம். வாதம் நின்றால் அது விமர்சனம். படத்தோடு சேர்ந்து வாதமும் விழுந்துவிட்டால், அங்கே வாதாடிக்கொண்டிருந்தது நிறம்தான்.

இனி ஊடகம். விளம்பரத்தைத் தயாரித்தது புஷ்ஷின் பிரசாரக் குழு அல்ல, அவரை ஆதரித்த வெளியார் குழு. காசு கொடுத்து ஒளிபரப்பிய நாட்கள் கொஞ்சம்தான். மீதியைத் தொலைக்காட்சிச் செய்திகள் இலவசமாகச் செய்து கொடுத்தன. இந்த உத்தி எடுபடுகிறதா, யாருக்கு லாபம் என்று பந்தய வர்ணனைபோல் பேசிக்கொண்டே அதே படத்தை மறுபடியும் மறுபடியும் காட்டின. இது சரியா என்ற கேள்வி தாமதமாகவே வந்தது. அக்டோபர் பிற்பகுதியில், கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் இது இனவெறியைத் தூண்டும் பிரசாரம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதுவரை குசுகுசுப்பாக இருந்தது கூடத்துக்கு வந்தது.

காட்டினால் பரவும், காட்டாவிட்டால் மறைவில் வளரும் என்ற தர்மசங்கடத்துக்கு விடை தேடியவர்களில் அரசியல் ஆய்வாளர் டாலி மெண்டல்பெர்க் முக்கியமானவர். 2001இல் வந்த அவருடைய நூல் இந்தத் தேர்தலை ஆராய்ந்து ஒரு முடிவைச் சொல்கிறது: மறைமுகமான இனத் தூண்டல், அது தூண்டல் என்று தெரியாதவரையில்தான் வேலை செய்கிறது, பெயர் சொல்லிச் சுட்டியதும் வலுவிழக்கிறது. சமத்துவத்தை நம்புவதாகத் தன்னைப் பற்றி நினைப்பவர், தான் எதற்கு இணங்கிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் கூசுகிறார் என்பது இதன் உட்பொருள். இந்த முடிவோடு உடன்படாத ஆய்வாளர்களும் உண்டு. அது எல்லா இடத்திலும் பலிக்காது என்றே வைத்துக்கொண்டாலும், ஊடகத்தின் கடமை மாறாது. படத்தை மட்டும் திருப்பிக் காட்டுவது பங்கேற்பு. படம் என்ன செய்கிறது என்று சேர்த்துச் சொல்வதுதான் செய்தி.

வாக்காளர் இதில் வெறும் பார்வையாளர் அல்ல. 1982இல் லாஸ் ஏஞ்சலிஸ் மேயர் டாம் பிராட்லி கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். காவல்துறையில் பணியாற்றி மேயராக உயர்ந்த கறுப்பினத்தவர். கருத்துக் கணிப்புகள் அவரே முன்னிலை என்றன. முடிவில் ஒரு லட்சத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். தபால் வாக்குகளும், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்த்துத் திரண்டு வந்தவர்களும் காரணம் என்பது ஒரு விளக்கம். கறுப்பருக்கு வாக்களிக்க மாட்டேன் என்று கேட்பவரிடம் சொல்லக் கூச்சப்பட்டவர்கள் சாவடிக்குள் அந்தக் கூச்சத்தைக் கழற்றி வைத்தார்கள் என்பது இன்னொன்று. 1989இல் வர்ஜீனியாவில் டக்ளஸ் வைல்டர் கணிப்புகள் காட்டிய பெரிய முன்னிலையை இழந்து ஏழாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் வென்றபோது இந்தப் பேச்சு மறுபடி எழுந்தது. 2008இல் ஒபாமாவுக்கும் அப்படி நேரும் என்று அஞ்சினார்கள், நேரவில்லை. மனிதர் மாறக்கூடியவர் என்பதால்தான் அவரிடம் பொறுப்பையும் கேட்க முடிகிறது. சாவடியின் ரகசியம் பிறர் மிரட்டலிலிருந்து வாக்காளரைக் காக்க ஏற்பட்டது. தன் மனசாட்சியிலிருந்து ஒளிந்துகொள்ள அல்ல.

அப்படியானால் வேட்பாளரின் இனத்தைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பதுதான் நேர்மையா? இல்லை. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை தென் மாநிலங்களில் கறுப்பர்கள் வாக்குச் சாவடியை நெருங்கவே போராட வேண்டியிருந்தது. அந்த வரலாற்றை மறைத்துவிட்டு ஒபாமாவின் வெற்றியை எழுதினால் அது பாதிச் செய்தி. குறிப்பிடுவது குற்றமில்லை, குறிப்பிட்டதையே தகுதிக்கும் குறைக்கும் அளவுகோலாக்குவதே குற்றம். ஹொனலூலுவில் பிறந்த ஒபாமா வெளிநாட்டில் பிறந்தவர் என்ற பொய்யைப் பல ஊடகங்கள் அவர் இப்படிச் சொல்கிறார், இவர் மறுக்கிறார் என்று தராசில் வைத்தன. 2011 ஏப்ரலில் வெள்ளை மாளிகை முழுப் பிறப்புச் சான்றிதழையே வெளியிட வேண்டியதாயிற்று. பொய்க்கும் மெய்க்கும் சம இடம் தருவது நடுநிலை ஆகாது.

2024 ஜூலை 31 அன்று, சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர் கூட்டத்தில், அதிபர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸ் திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்று டிரம்ப் சொன்னார். தாய் சியாமளா கோபாலன் தமிழ்நாட்டுக்காரர், தந்தை ஜமைக்காவில் பிறந்தவர்; கறுப்பர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர் கமலா. இதில் புதிராக எதுவும் இல்லை. ஆனாலும் அவர் என்ன செய்வார் என்பதை விட்டுவிட்டு அவர் யார் என்பதையே செய்திகள் சில நாட்கள் சுற்றிவந்தன. அதே காலத்தில் அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பதாகைகள் கட்டப்பட்டன. கோயிலில் வழிபாடு நடந்தது. தமிழ் ஊடகங்கள் நம் ஊர்ப் பேத்தி என்று கொண்டாடின. பாசம் வெறுப்பைப் போன்றதல்ல. ஆனால் அவருடைய சுகாதாரக் கொள்கை என்ன, காஸா பற்றி என்ன சொன்னார் என்பது அந்தப் பாசத்தின் கண்ணிலும் படவில்லை. தூற்றுவோரும் போற்றுவோரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புஷ்ஷின் பிரசாரத்தை நடத்திய லீ அட்வாட்டர், மூளைப் புற்றுநோயில் இறப்பதற்குச் சற்று முன், 1991இல், டுகாகிசிடம் நடந்துகொண்ட கொடூரத்துக்காக வருந்தி எழுதினார். வருத்தம் அச்சேறியது, படம் அதற்கு முன்பே மனங்களில் ஏறிவிட்டிருந்தது. இந்தக் கட்டுரையும் அந்த முகத்தை வருணித்துத்தான் தொடங்கியது. ஏப்ரலில் போடப்பட்ட கையெழுத்தையும் சேர்த்துச் சொல்லியிருப்பது ஒன்றே அதற்குச் சமாதானம். பரட்டைத் தலையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கையெழுத்தை ஒருவர் மறந்துவிட்டால், அந்த அரை நிமிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.