நான்கு படங்களுக்கு இடையே

1751-ஆம் ஆண்டில் இலண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் ‘கொடுமையின் நான்கு நிலைகள்’ என்னும் படத்தொடரை வெளியிட்டார். எளியோரும் வாங்கிப் பார்த்துத் திருந்த வேண்டும் என்பதற்காக, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட அப்படங்களை இயன்றவரை மலிவாக விற்றார். படங்களை வரிசைப்படுத்திக் கதை சொல்லும் சித்திரக்கதைக்கு அவர் ஒரு முன்னோடி எனலாம்.

முதற்படத்தில் டாம் நீரோ என்னும் சிறுவன் ஒரு நாயை வதைக்கிறான். இரண்டாவதில், வண்டியோட்டியாகி, கீழே விழுந்துவிட்ட குதிரையை அடிக்கிறான். கூலியை மிச்சப்படுத்த அவ்வண்டியில் நெருக்கியடித்து ஏறியவர்களோ வழக்கறிஞர்கள். மூன்றாவதில், அவனை நம்பிய கருவுற்ற பெண் கொலையுண்டு கிடக்கிறாள். நான்காவதில், தூக்கிலிடப்பட்ட அவனுடலை மருத்துவர்கள் கூறுபோடுகின்றனர்.

‘வினை விதைத்தவன் வினை அறுத்தான்’ என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். ஆனால் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் நடுவே ஓவியர் ஒன்றும் வரையவில்லை. நாயை வதைத்த சிறுவன் கொலைஞனாக வளர்ந்த ஆண்டுகள் யாவும் அந்த வெற்றிடத்தில் மறைந்துள்ளன. ‘இவன் இப்படித்தான் முடிவான்’ என்று அதனை நிரப்புவது நம் மனமே அன்றோ!

முதற்படத்திலேயே ஒரு சிறுவன், தூக்கில் தொங்கும் உருவத்தைச் சுவரில் வரைந்து நீரோவின் பெயரை எழுதுகிறான். நாமும் அதையே செய்கிறோம். அதே படத்தில் மற்றொரு சிறுவன் கண்ணீருடன், நாயை விட்டுவிடும்படி தன் தின்பண்டத்தை நீட்டுகிறான். நீரோ அதை ஏற்கவில்லை.

நீரோவின் சட்டைக் கையில் இரண்டு எழுத்துகள் உள்ளன. அவன் புனித ஜைல்ஸ் பங்கின் ஆதரவில் வளர்ந்த ஏழைச் சிறுவன் என்பதற்கு அவையே அடையாளம். அடையாளம் தைத்துக் கொடுத்த பங்கு, அவன் தோளில் கைபோட்டுப் பேசியதா? படம் அதைக் கூறவில்லை. பங்குப் பணியாளராகிய நம்மை அந்த எழுத்துகள் உறுத்துகின்றன. மறைக்கல்வி வகுப்பில் முரடனாய் இருந்த சிறுவனைப் பார்த்து, ‘இவன் உருப்படமாட்டான்’ என்று நாமும் சொன்னதுண்டு. சொன்ன பின்பு அவன் வீட்டு வாசலை மிதிக்கவும் மறந்ததுண்டு.

விதைத்ததை அறுப்போம் என்பது உண்மை. எனினும் விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே காலம் இருக்கிறது. மனிதனின் சுதந்திரமும் அவன் அயலாரின் கடமையும் அங்கேதான் வாழ்கின்றன. சிறுவனின் வாழ்வில் முதற்படம் மட்டுமே வரையப்பட்டுள்ளது. நான்காவதை இப்போதே சுவரில் எழுத நமக்கு உரிமையில்லை.

நீட்டிய பண்டம் ஒருமுறை மறுக்கப்பட்டது. மறுமுறை நீட்ட யாரேனும் இருந்தனரா?