55 வயதும் ஒரு சத்தியப்பிரமாணமும்

கனடாவில் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் 18 முதல் 54 வயதுக்குள் இருந்தால் இரண்டு தகுதிகளைக் காட்ட வேண்டும். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஓரளவு பேசவும் கேட்டு விளங்கிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். நாட்டின் வரலாறு, ஆட்சிமுறை, உரிமை, கடமை பற்றிய 20 கேள்விகளில் 15க்காவது சரியான விடை எழுத வேண்டும். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளில் 55 நிறைந்திருந்தால் இரண்டும் கேட்கப்படுவதில்லை. ஆனால் அவரும் ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் நாட்டில் இருந்திருக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், கடைசியில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். பிள்ளைகளின் ஸ்பொன்சரில் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் வந்து சேர்ந்த ஈழத்துத் தாய்தகப்பன்மார் பலர் இந்த வழியாகத்தான் கனடியர் ஆகிறார்கள்.

இந்த விலக்கு நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர் எல்லாரும் வெள்ளைக்காரர் அல்ல. இரவு வேலைக்குப் போய்க்கொண்டே கையேட்டைப் படித்துத் தேர்வு எழுதிய நாற்பது வயதுத் தமிழரும் கேட்பார். தான் பட்ட பாடு மற்றவருக்கு ஏன் இல்லை என்ற கேள்வியில் பொறாமை கொஞ்சம் இருக்கலாம். அதற்காக அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

ரொறன்ரோவில் பிறக்கும் குழந்தை எந்தக் கேள்விக்கும் விடை சொல்லாமல் குடிமகனாகிறது. வளர்ந்தபின் நாட்டின் முதல் பிரதமர் யார் என்பதே மறந்துபோனாலும் அதன் குடியுரிமை போவதில்லை. ஆகவே இந்த அறிவு இல்லாவிட்டால் குடிமகனாக இருக்க முடியாது என்று அரசே நம்பவில்லை. அது வெளியிலிருந்து வருபவருக்கு மட்டும் வைத்த நிபந்தனை. அது யாருக்குப் பொருந்தும் என்பதையும் அவ்வப்போது வரும் ஆட்சிதான் தீர்மானிக்கிறது. 2015இல் ஒரு அரசு தேர்வுக்கான மேல்வயதை 64க்கு உயர்த்தியது. 2017 அக்டோபரில் அடுத்த அரசு அதைப் பழையபடி 54க்கு இறக்கியது. ஆங்கிலம் வராத 60 வயதுக்காரர் 2016இல் தகுதியற்றவர். இரண்டு ஆண்டு கழித்து, அப்போதும் ஆங்கிலம் வராமலே, தகுதியானவர். இடையில் மாறியது அவர் அல்ல.

இளையவரிடம் தேர்வு கேட்பதற்குக் காரணம் உண்டு. அவருக்கு முன்னால் இன்னும் பல ஆண்டு உழைப்பும் பிழைப்பும் இருக்கின்றன. மொழி படித்தால் அவருக்கும் நன்மை, நாட்டுக்கும் நன்மை. 68 வயதில் காது மந்தமாகி, நேற்றுக் கேட்ட சொல் இன்று தங்காத ஒருவரிடம் அதையே கேட்பது வேறு விதமாகப் போய் முடியும். எல்லாருக்கும் ஒரே நிபந்தனை என்பது பார்வைக்கு நீதி போலத் தோன்றும். யாரால் அதை நிறைவேற்ற முடியாது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தத் தோற்றம் கலைந்துவிடும். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் வழிப் பிறப்புக்குச் சான்று கேட்டது. மலையகத் தமிழரில் பெரும்பாலோரிடம் அப்படியொரு பத்திரம் இருக்கவில்லை. பல இலட்சம் பேர் நாடற்றவரானார்கள். அந்தத் தீவிலிருந்து வந்த சமூகம், நிபந்தனையைத் தளர்த்துவதைச் சலுகை என்று இகழ்வது பொருத்தமாக இல்லை.

விலக்குக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று மட்டும் ஏற்கத்தக்கதல்ல. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மகளும் மருமகனும் வேலைக்குப் போக வழிசெய்தவர்கள் இவர்கள். சம்பளமில்லாத அந்த உழைப்புக்குக் குடியுரிமை ஈடு என்கிறார்கள். உழைப்பு உண்மைதான், மறக்கவும் கூடாதுதான். ஆனால் குடியுரிமையைக் கூலியாக்கினால், வந்த ஆண்டே பக்கவாதத்தில் படுத்துவிட்ட தாத்தாவுக்கு உரிமை இல்லை என்றாகிவிடும். அவருக்கும் உண்டு.

53 வயதில் ஒருவர், இரண்டு ஆண்டு பொறுத்தால் தேர்வு இல்லை என்று காத்திருப்பது குறுக்குவழியா? இல்லை. வயதெல்லையைச் சட்டமே வெளிப்படையாகப் போட்டிருக்கிறது. காத்திருப்பவர் அதற்கு விலையாக இரண்டு ஆண்டு வாக்கில்லாமல் இருக்கிறார். இதில் மேலும் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது சத்தியப்பிரமாணத்தைப் பற்றி. தேர்வுக்குத்தான் 55 வயதில் விலக்கு, சத்தியத்துக்கு இல்லை. மனநலக் குறைபாட்டால் சத்தியத்தின் பொருளை விளங்கிக்கொள்ள முடியாதவருக்கு அமைச்சர் அதிலிருந்து விலக்களிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. மற்ற எல்லாரும் விளங்கித்தான் சொல்கிறார்கள் என்பதே சட்டத்தின் எடுகோள். ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியாத ஒருவர் எப்படி விளங்கிக்கொள்வார்? யாராவது முன்கூட்டியே தமிழில் சொல்லியிருக்க வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் மகனோ மகளோதான். அரசு தேர்வை எடுத்துவிட்டபோது, ஒரு வேலையை அறிவிக்காமலே வீட்டின்மேல் வைத்துவிட்டது.

அந்த வேலை பல வீடுகளில் நடப்பதில்லை. படிவத்தை மகன் நிரப்புகிறார், கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டுகிறார். 2020 முதல் சத்தியப்பிரமாண விழாக்கள் பல ஸூமில் நடக்கின்றன. மகள் போனைப் பிடித்துக்கொள்ள, அம்மா கையை உயர்த்தி, கேட்ட ஒலிகளைத் திருப்பிச் சொல்கிறார், பி.ஆர். (நிரந்தர வதிவிட) காட்டைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டுகிறார். ‘அம்மாவுக்கு இதெல்லாம் எதுக்கு, சும்மா சொன்னாப் போதும்’ என்பது அன்பில் வரும் பேச்சு. ஆனாலும் அது அவமதிப்பு.

ஏனென்றால் சத்தியம் என்றால் என்ன என்பது இந்தத் தலைமுறைக்குப் பிள்ளைகளைவிட நன்றாகத் தெரியும். 1983 ஆகஸ்டில் இலங்கை அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று அரச ஊழியர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் மறுத்து, ஆசனங்களை இழந்தார்கள். சம்பளத்துக்காக மனமில்லாமல் அதைச் சொன்ன எழுதுவினைஞர்களிலும் ஆசிரியர்களிலும் பலர் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கும் சொல்லாமல் விடுவதற்கும் என்ன விலை என்று நேரில் கண்டவர்கள். அவர்களிடம் இன்னொரு நாட்டின் சத்தியத்தை ஒப்புக்குச் சொல்லச் சொல்வதில் பொருந்தாத ஏதோ இருக்கிறது.

கனடியச் சத்தியம் மன்னர் மூன்றாம் சார்ல்ஸுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசம் கேட்கிறது. சட்டங்களைப் பேணவும் குடிமகனின் கடமைகளைச் செய்யவும் கேட்கிறது. 2021 முதல் முதற்குடிகள், இனுயிட், மெட்டி மக்களின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் அந்தச் சட்டங்களின் பகுதியாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நிலம் இழந்து வந்த ஒருவருக்கு இந்தக் கடைசிப் பகுதியைத் தமிழில் எடுத்துச் சொன்னால், தேர்வு எழுதிய பலரைவிட ஆழமாகவே அவர் விளங்கிக்கொள்ளக்கூடும். மன்னர் எதற்கு என்று கேட்கவும் கூடும். கேட்கட்டும், கனடாவில் நீதிமன்றம் வரை போய் அதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

கடவுச்சீட்டுக்காகத்தானே சத்தியம் என்ற குற்றச்சாட்டும் உண்டு. நிரந்தர வதிவிட உரிமையைக் காப்பாற்ற ஐந்து ஆண்டுகளில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். குடியுரிமை கிடைத்தால் அந்தக் கணக்கு இல்லை. ஊரில் மாதக்கணக்கில் தங்குவதற்காகவே கனடியர் ஆகிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும் என்பதால் இரட்டைக் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கிறார்கள்; அங்கும் 55 வயது ஒரு தகுதி. இதில் பொய் இருக்கிறதா? சத்தியம் சட்டத்தை மதிக்கக் கேட்கிறது, ஊரை மறக்கக் கேட்கவில்லை. குளிர்காலம் முழுவதையும் புளோரிடாவில் கழிக்கும் கனடியரின் விசுவாசத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

வாக்கு விஷயம் அவ்வளவு எளிதல்ல. வாசிக்க முடியாத வாக்காளருக்கு உறவினர் ஒருவர் உதவலாம். ஆனால் உதவுபவர் வாக்காளரின் விருப்பப்படியே செய்வதாகவும் அதை வெளியே சொல்வதில்லை என்றும் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அப்பாவின் வாக்கைத் தன் இரண்டாவது வாக்காக நினைக்கும் மகன் அந்த உறுதிமொழியை மீறுகிறார். விலக்கை எதிர்ப்பவர்களுக்கு அவர்தான் ஆதாரம் எடுத்துக் கொடுக்கிறார்.

எல்லாவற்றையும் தமிழில் சொன்ன பிறகு பெரியவர் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லலாம். 1983இல் ஒருமுறை சொன்னது போதும் என்பது காரணமாக இருக்கலாம், காரணமே இல்லாமலும் இருக்கலாம். அப்போது படிவத்தை மடித்து வைத்துவிட வேண்டியதுதான். வாக்கும் கடவுச்சீட்டும் கிடைக்காது, நாட்கணக்கு தொடரும். ஆனால் முதியோர் பென்சன் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. 65 வயதும் பத்து ஆண்டு வதிவிடமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதியும் நிரந்தர வதிவிடக்காரருக்கு உண்டு. ஆகவே ‘சிட்டிசன் ஆகாவிட்டால் ஒன்றும் கிடைக்காது’ என்று பயமுறுத்திக் கையெழுத்து வாங்கும் பிள்ளைகள் தவறான தகவலைச் சொல்கிறார்கள்.