அமெச்சூரும் அளவுகோலும்

'அமெச்சூர்' என்ற சொல்லை நாம் பெரும்பாலும் வசவாகத்தான் உபயோகிக்கிறோம். ஒரு கவிதையையோ நாடகத்தையோ அமெச்சூர்த்தனமானது என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம். அரைவேக்காடு, பொழுதுபோக்கு, பொறுப்பின்மை எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. லத்தீன் மூலத்திலோ அதன் பொருள் நேசிப்பவன் என்பதுதான். நேசிப்பவன் எப்படி அரைகுறையானான் என்பது சொல்லாராய்ச்சிக்கு மட்டுமான விஷயமல்ல. நேசிக்கிறவனுக்குத் தரம் பற்றிய கவலை அவசியமில்லை என்று எந்தக் கட்டத்திலோ நாம் தீர்மானித்துவிட்டோம். அந்தத் தீர்மானம் சரியா என்பதே என் கேள்வி.

பணம் வாங்காதவன் அமெச்சூர் என்ற வரையறை சுலபமானது, ஆனால் நிற்காது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவில், மோட்டார்சைக்கிள் கம்பெனிகளின் ஆட்கள் ஓட்டும் பந்தயத்துக்கு அப்பால், அமெச்சூர்களுக்கென்றே ஒரு பந்தயத்தை 1923ல் தொடங்கினார்கள். யார் அமெச்சூர் என்பதில் தகராறு வந்தது. அந்த வரையறையைக் காப்பாற்ற முடியாமல் 1930ல் பந்தயத்தின் பெயரிலிருந்தே அச்சொல்லை எடுத்துவிட்டு மாங்க்ஸ் கிராண்ட் பிரீ என்று வைத்தார்கள். பந்தயம் நிலைத்தது, சொல்தான் போயிற்று.

பணத்தை விட்டுவிட்டு வேறு எதைக் கொண்டு வரையறுப்பது? இதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான உதாரணம் பர்ட் மன்ரோ. நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊரில் வாழ்ந்தவர். 1920ல் ஓர் இந்தியன் ஸ்கவுட் மோட்டார்சைக்கிளை வாங்கினார். பெயரில் இந்தியன் இருக்கிறதே தவிர நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டில் செய்த வண்டி. 600 சி.சி. என்ஜின், உச்ச வேகம் மணிக்கு 55 மைல். மோட்டார்சைக்கிள் விற்றுப் பிழைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் 1926லிருந்து அந்த வண்டியை மாற்றிக்கொண்டே இருந்தார். பிஸ்டன்களைத் தாமே உருக்கி வார்த்தார். சிலிண்டர், காம், கனெக்டிங் ராடு என்று ஒவ்வொன்றையும் கையால் செய்தார். உடைந்துபோனவற்றை எறியவில்லை. கொட்டகையில் ஒரு தட்டில் அடுக்கி, வேகக் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதி வைத்தார். தோல்விகளை இவ்வளவு வெளிப்படையாக, அனுதாபம் கோராமல் வைத்திருக்கிற ஆட்கள் கலை உலகத்திலும் அபூர்வம்.

இந்த வண்டியைத்தான் அவர் கப்பலேற்றி அமெரிக்கா கொண்டுபோனார். யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புவெளியில் 1949லிருந்து வேகப் பிரியர்கள் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். வாகனங்களைத் தங்கள் கொல்லைப்புறத்தில் செய்து கொண்டுவருகிறவர்கள் பலர். பக்கத்தில் யாரும் ஓடுவதில்லை. ஒவ்வொருவராக, வெறும் கடிகாரத்தை எதிர்த்து, கண்ணுக்கெட்டிய தூரம் வெளுத்துக் கிடக்கும் நேர்கோட்டில் ஓட வேண்டும். மன்ரோ அங்கே பத்து முறை போனார். முதல் முறை வேடிக்கை பார்க்க. 1962ல், 63 வயதில், முதல் சாதனை. 1967ல் வண்டிக்கு வயது 47, ஓட்டியவருக்கு 68. என்ஜின் 950 சி.சி.க்கு வளர்ந்திருந்தது. 1000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் மணிக்கு 183.586 மைல் என்று பதிவாயிற்று.

2005ல் ரோஜர் டொனால்ட்சன் எடுத்த படம் பல பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கி, தடைகளைத் தாண்டி ஜெயித்த கிழவரின் கதையாக ஆக்கிவிட்டது. நல்ல படம்தான். ஆனால் ஒருமுறை போய் ஜெயிப்பது கதை; திரும்பத் திரும்பப் போவது வேறொன்று. அந்த வேறொன்றுதான் யோசிக்கத் தக்கது. உள்ளூரில் ஒரெட்டி கடற்கரை மணல் இருந்தது, நியூசிலாந்தின் சாதனைகள் கையில் இருந்தன. பிறகு எதற்கு இந்தக் கடல் தாண்டல்?

இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. புகழுக்காக என்பது ஒன்று. உப்புவெளியில், மிகச் சிலருக்கு மட்டுமே அர்த்தமாகிற ஒரு பிரிவில் கிடைக்கும் எண்ணை யாரும் புகழ் என்று சொல்லமாட்டார்கள். செயலே தனக்குப் பலன் என்பது மற்றது. இது உயர்வாகத் தொனிக்கிறது. ஆனால் செயலே போதுமென்றால் கொட்டகையே போதுமே. நேசத்தில் இவ்விரண்டிலும் அடங்காத ஓர் அம்சம் இருக்கிறது. நேசிக்கிறவன், தான் நேசிக்கும் பொருளைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறான். தன் நேசமே கண்ணை மறைக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே அதை நேசிக்காத ஒருவர் கையில் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு நிற்கிறான். கடிகாரக்காரருக்கு மன்ரோவின் நாற்பதாண்டு உழைப்பைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. தெரியாதிருப்பதுதான் அவருடைய தகுதி.

இங்கே வண்டி தன்னுடையதாக இருப்பது முக்கியம். அங்கேயே ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டித் தோற்றவனுக்கு ஒரு சாக்கு மிச்சமிருக்கிறது. கம்பெனி வண்டி ஓட்டியவன் மெக்கானிக்கைச் சொல்லலாம். தான் வார்த்த பிஸ்டனில் உட்கார்ந்து போகிறவனுக்கு எந்தச் சாக்கும் இல்லை. கிடைக்கும் எண் முழுக்க அவனைப் பற்றியது. தொழில்காரனுக்குச் சம்பளம் என்ற காப்பு உண்டு. சாக்குப்போக்குகளைத் தானாகவே விட்டொழித்தவனை அமெச்சூர் என்று சொல்லலாமா? அப்படிச் சொன்னால் அந்தச் சொல் நம் வசவுக்கு நேர் எதிராக வந்து நிற்கிறது.

இதில் நம்மைப் போன்றவர்களுக்குச் சங்கடமான ஒரு பாடமும் உண்டு. முந்நூறு பிரதி அச்சடித்து நமக்குள்ளேயே சுற்றுக்கு விட்டுக்கொள்கிற நாம், நாங்கள் எங்களுக்காக எழுதுகிறோம் என்று சொல்வதில் ஒரு கௌரவம் காண்கிறோம். அது கொட்டகைக்குள்ளேயே இருந்துவிடுவதாகவும் ஆகலாம். மறுபக்கம், அந்நிய அளவுகோல் என்றவுடன் அந்நிய வண்டியிலேயே ஏறிவிடுகிற விமர்சனமும் நம்மிடம் இருக்கிறது. மன்ரோவின் வண்டி வடிவத்தில் அமெரிக்கவண்டி. 42 ஆண்டு கழித்து அது பிறந்த நாட்டுக்குத் திரும்பியபோது உள்ளே ஓடியதெல்லாம் இன்வர்கார்கில் கொட்டகையில் வார்த்தது. வடிவம் எங்கிருந்து வந்தது என்பதில் அவருக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. அளக்கக் கொடுத்தது தன்னுடையதை.

ஆனால் அளவுகோலையும் வழிபட வேண்டியதில்லை. பானவில் சாதனை ஒரு திசை ஓட்டத்தில் முடிவதல்ல. போன பாதையிலேயே எதிர்த்திசையில் திரும்ப ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. காற்று ஒரு திசையில் தந்ததை மறு திசையில் வாங்கிக்கொள்ளும். 1967ல் மன்ரோ தகுதிக்காக ஓடிய ஒரு திசை ஓட்டம் 190.07 மைல், சாதனையில் அது சேராது. சாதனை ஓட்டத்தில் வடக்கு நோக்கி 184.710, தெற்கு நோக்கி 183.463. நான் வங்கியில் குமாஸ்தா. கணினி வந்த பிறகும் கூட்டிப் பார்க்கிற புத்தி போகவில்லை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 184.087 வருகிறது. ஏட்டில் இருந்ததோ 183.586. அரை மைல் குறைவு. இந்தப் பிழையை மன்ரோவின் மகன் கண்டுபிடித்துச் சொல்ல, அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் 2014ல் திருத்தியது. மன்ரோ 1978லேயே இறந்துவிட்டார்.

இறந்தவருக்கு அரை மைல் எதற்கு என்று கேட்கலாம். கவுண்ட்டரில் நாள் முடிவில் ஒரு ரூபாய் குறைந்தாலும் தேடுவோம், ஒரு ரூபாய் கூடினாலும் தேடுவோம். கூடியதைப் பார்த்து யாரும் சந்தோஷப்படுவதில்லை. அந்த ரூபாய் யாருக்கு லாபம் என்பதல்ல அங்கே கேள்வி. 2014ன் திருத்தமும் அந்த ஜாதிதான். மன்ரோ அந்நியர்களின் கடிகாரத்தை நம்பித் தன் வண்டியை ஒப்படைத்தார். அந்த நம்பிக்கைக்குப் பதிலாகச் சரியான எண்ணைத் தர வேண்டிய கடன் அவர்களுக்கு இருந்தது. ஆள் இல்லை என்பதால் கடன் தீர்ந்துவிடாது.

அந்தக் கடனை நினைவூட்டியவர் நடுநிலையாளர் அல்ல, மகன் என்பது கவனிக்க வேண்டியது. நேசம் தன்னை அளவுக்கு ஒப்புக்கொடுத்தது. 47 வருஷம் கழித்து அளவைச் சரிபார்க்க நேசம்தான் வர வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு 183.586 போதுமானதாகவே இருந்திருக்கும். விமர்சனம் என்பது நடுநிலையாளரின் வேலை என்று சொல்லிக்கொண்டிருக்கிற நாம், கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்க்கிற பொறுமை யாரிடமிருந்து வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.